நாட்டு அவரையும் புதிய அவரையும்

ஓசூர், தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் மானாவாரி ராகிக் கொல்லையில் இடையிடையே சால் விட்டு அவரை விதைப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். எல்லைக்கு அப்பால் கன்னடத்தார் இதனை ‘அக்கடி சாலு’ என்பர். ராகி அறுவடையான பின் நிலத்தில் நிற்கும் கொடி, மார்கழிப் பனியில் காய்த்து, வீட்டிற்குப் பிதுக்குப் பருப்பும், மாட்டிற்குத் தீவனமும், மண்ணிற்குத் தழைச்சத்தும் தருகின்றது. இந்தப் பழைய விதையைக் காப்பதா, புதிய ரகங்களுக்கு மாறுவதா என்பது அங்கத்தினர்கள் ஆலோசிக்க வேண்டிய விஷயம்.

நாட்டு அவரை பகற்பொழுதின் அளவறிந்து பூக்கும் பயிர். நமது வட்டாரத்தில் ஜூன் கடைசியில் பகல் 13 மணிக்குச் சற்றுக் குறைவு. டிசம்பரில் சுமார் 11½ மணி. பகல் குறுகும் வரையில் அது கொடி ஓடுமேயன்றிப் பூக்காது. ஆகவே ஆனியில் விதைத்தாலும், ஆடிக் கடைசியில் விதைத்தாலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பூக்கும். மழை பிந்திய வருஷத்தில் இக்குணம் குடியானவருக்குப் பெருந்துணை.

பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஹெப்பாள் அவரை 3, ஹெப்பாள் அவரை 4 ஆகிய ரகங்களோ பகலின் நீளத்தைப் பொருட்படுத்துவதில்லை. எப்பருவத்தில் விதைத்தாலும் குத்துச் செடியாக வளர்ந்து, ஏறக்குறைய 100 நாளில் பலன் தரும். கிணற்றுப் பாசனம் உடையவருக்கும், பருவமல்லாத காலத்தில் சந்தைக்குக் காய் அனுப்புவோருக்கும் இவை ஏற்றவை. ஆனால் மானாவாரியில் ராகியுடன் விதைத்தால், ராகி ஓங்கி நிற்கும்போதே இவை பூக்க நேரிடும். அச்சமயம் வறட்சி வந்தால் மறுபடி தழைத்துக் காய்க்கும் வாய்ப்பும் குறைவு. சந்தையில் விலை ஏற்றும் ‘சொகடு’ என்னும் காய்மணம் நாட்டு வகைகளின் தனிச்சொத்தாக இருந்தது. அதனைப் புதிய ரகங்களிலும் சேர்க்க ஆராய்ச்சியாளர் பிற்பாடு முயல வேண்டியதாயிற்று. அம்மணத்தை அவர்கள் பெறுவதற்கு இடம் நாட்டு விதைதான்.

அவரையில் பெரும்பாலும் தன் பூவின் மகரந்தமே சேர்வதால், ஒரு வீட்டு விதைப் பானையில் பல வம்சங்கள் கலந்து நிலைத்திருக்கும். ஒன்று முந்திப் பூக்கும். ஒன்று அசுவினியைத் தாங்கும். ஒன்று வறட்சியில் நிற்கும். எல்லா நிலத்திலும் ஒரே வம்சம் இருந்தால் ஆபத்து யாது என்பதை 1970-ஆம் ஆண்டு அமெரிக்கா கண்டது. ஒரே மூலத்திலிருந்து வந்த மக்காச்சோளம் நாடெங்கும் விதைக்கப்பட்டிருந்தமையால், ஓர் இலைக்கருகல் நோய் விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதத்தை அழித்தது.

ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது முதல் கொல்லைகள் பல ஆலைகளாகவும் மனைகளாகவும் மாறிவிட்டன. விதைப்பவர் நிறுத்தினால், சில வருஷங்களில் பானையிலுள்ள விதையும் முளைக்கும் திறனை இழந்துவிடும். அவ்வகை வேறெங்கும் இல்லையெனில், அது ஒழிந்தது ஒழிந்ததே.

எனவே அங்கத்தினர்கள் சோதித்தறிந்து முடிவு செய்தல் நலம். ஒரே கொல்லையில் நாட்டு விதையையும் புதிய விதையையும் மாற்றி மாற்றிச் சால் விட்டு, மேட்டிலும் பள்ளத்திலுமாக மூன்று இடங்களில் விதைக்க வேண்டும். காயை மட்டும் நிறுக்காமல், அவ்விடத்து ராகியையும் நிறுத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும். நல்ல மழை ஆண்டு ஒன்றும், வறண்ட ஆண்டு ஒன்றும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லலாகாது.

விதைக்கென்று களத்துக் குவியலிலிருந்து அள்ளாமல், நிலத்தில் நிற்கும்போதே நோயற்ற பல கொடிகளுக்கு அடையாளம் கட்டி எடுக்க வேண்டும். நன்கு உலர்த்தி, செம்மண் கட்டி வைத்தால் வண்டு அண்டாது. விதைக்குமுன் 100 விதைகளை ஈரத் துணியில் முடிந்து, முளைத்தவற்றை எண்ணுக. 75-க்குக் குறைந்தால் அவ்விதை உதவாது.

தாம் விளைத்த விதையைச் சேமிக்கவும், பரிமாறவும், வணிக முத்திரையின்றி விற்கவும் 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் உரிமை அளித்துள்ளது. உழவர் காத்து வந்த ரகத்தை அவர் பெயரிலேயே பதிவு செய்யவும் அதில் இடமுண்டு. ஒவ்வொரு சங்கமும் தன் கிடங்கில் ஊர்வாரியாக அவரை விதையைத் தனித்தனியே வைத்து, கொடுத்தவர் பெயரும் கொல்லையின் இயல்பும் எழுதிய பதிவேடு ஒன்று பேணுமாயின், செலவு சொற்பம், பயன் பெரிது. வரும் தைமாதக் காய் முற்றும்போதே இதனைத் தொடங்குதல் வேண்டும்.