குடலை இட்லியும் எண்டுரி பிட்டாவும்

சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் பெருமாளுக்கு இட்லி வார்க்கத் தட்டு கிடையாது, குழியும் கிடையாது. மூங்கிலில் முடைந்த நீளமான குடலைதான் அச்சு. பூக்குடலையைப் பார்த்துப் பழகிய நமக்கு, இதில் மாவை ஊற்றினால் ஒழுகிவிடாதா என்றுதான் முதலில் தோன்றும். உள்ளே சுற்றிலும் மந்தாரை இலையை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அடுக்கிவிடுவதால் மாவு நிற்கிறது, ஆவி மட்டும் உள்ளே போகிறது.

பச்சரிசியும் உளுந்தும் ரவைப் பதம். உளுந்து நம் வீட்டு இட்லியைவிடத் தாராளம். தயிர் சேர்த்துப் புளிக்கவைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய். மிளகாய்க்கு இடமில்லை. அது போர்த்துக்கீசியர் கடல்வழி கொண்டுவந்த சரக்கு. கோயில் தளிகையின் காரம் அதற்கும் முந்தியது.

மாவு பொங்குவது லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவின் வேலை. அது விடும் கரியமில வாயுவை உளுந்தின் வழுவழுப்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. இதுவரை வீட்டு இட்லிக்கும் இதற்கும் ஒரே கதைதான். வித்தியாசம் தடிமனில் இருக்கிறது. சூடு மாவின் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்லத்தான் நகரும். தடிமன் இரண்டு மடங்கானால் வேகும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும், நான்கு மடங்கானால் பதினாறு மடங்கு. வீட்டு இட்லி 10 நிமிடத்தில் வெந்துவிடும். குடலை இட்லிக்கு ஏன் இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகிறது என்பது இந்தக் கணக்கிலேயே புரிந்துவிடும். அத்தனை நேரம் ஆவியில் இருந்ததும், புளிப்பும் மிளகும் சுக்கும் நெய்யும் சேர்ந்ததும்தான், ஊருக்கு எடுத்துப்போகும்வரை அதைக் கெடாமல் காக்கின்றன.

இதே அரிசியும் உளுந்தும் ஒடிஷாவில் இனிப்பாகிவிடுகின்றன. ஒடியா இனிப்பு என்றால் வெளியூரில் ரசகோலாவைச் சொல்வார்கள். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாலைத் திரித்தெடுத்த சேனாவைச் சர்க்கரையோடு சுட்டெடுக்கும் சேனா போடாவும் அருமையானது. ஆனால் அந்த மக்களின் பண்டிகைகளைத் தாங்கி நிற்பவை பிட்டா வகைகள் என்பதே என் எண்ணம். பெயரே நம் பிட்டை நினைவுபடுத்துகிறது.

நவம்பர், டிசம்பர் வாக்கில் வரும் பிரதமாஷ்டமி, வீட்டின் தலைப்பிள்ளைக்கான நாள். அன்று எண்டுரி பிட்டா. புளித்த அரிசி உளுந்து மாவைப் பச்சை மஞ்சள் இலையில் பரப்பி, நடுவில் தேங்காய், வெல்லப் பூரணம் வைத்து, இலையை மடித்து ஆவியில் வேகவைப்பார்கள். சூட்டில் இலையின் வாசனை எண்ணெய் மாவுக்குள் இறங்கிவிடும். பிரித்து வாயில் வைத்தால் மஞ்சள் மணம்தான் முதலில் வரும், இனிப்பு பிறகுதான்.

ஜூன் நடுவில் ரஜ பண்டிகை. பூமித்தாய்க்கு மாதவிலக்கு என்று கருதி மூன்று நாள் ஏர் பூட்ட மாட்டார்கள். பெண்களுக்கு அரைப்பதிலும் சமைப்பதிலும் இருந்து ஓய்வு, ஊஞ்சலாட்டம். அந்த நாட்களுக்காக முன்கூட்டியே சுட்டு வைப்பது போடா பிட்டா. வெல்லம், தேங்காய், இஞ்சி சேர்த்த மாவை வாழையிலையில் பொதிந்து, விறகடுப்பின் தணலில் இரவெல்லாம் விட்டுவிடுவார்கள். ஓரம் கறுத்து முறுகும், நடு மெத்தென்றிருக்கும். வெல்லம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பல நாள் தாங்கும். சமைக்காத நாட்களுக்கென்றே பிறந்த பண்டம் அது. புரி தேரோட்டத்தில், திரும்பும் வழியில் ஜகந்நாதர் மௌசிமா கோயில் முன் நின்று ஏற்பதும் இந்தப் போடா பிட்டாவைத்தான்.

ஒடியாக்காரர்களுக்கு நம் காஞ்சியின் பெயரும் சிறுவயதிலேயே பழக்கம். 15ஆம் நூற்றாண்டு கஜபதி மன்னர் புருஷோத்தம தேவர், இளவரசி பத்மாவதிக்காகக் காஞ்சிமேல் படையெடுத்த கதையை வீட்டில் சொல்லி வளர்க்கிறார்கள். ஜகந்நாதரும் அவர் அண்ணன் பலபத்ரரும் மன்னருக்காகக் குதிரை ஏறி முன்னே போய், வழியில் மாணிக்கா என்ற இடைச்சியிடம் தயிர் வாங்கிக் குடித்துவிட்டு, காசுக்கு ஈடாக மோதிரத்தைக் கொடுத்தார்களாம்.

இலையிலும் ஓர் உறவு உண்டு. ஒடிஷாக் காட்டுவாசிகள் தையலிலைத் தட்டுக்குப் பறிக்கும் சியாலியும் நம் மந்தாரையும் தாவரவியலில் நெடுங்காலம் பாஹினியா என்ற ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டவை. குடலையிலிருந்து உருவி எடுத்த சுடு இட்லியில் இலையை மெல்ல உரித்துப் பாருங்கள்: அடியிலிருந்து விரியும் நரம்புகளோடு, மந்தாரையின் அச்சு மாவின்மேல் பதிந்திருக்கும்.