மலைச் சாமையும் வாடிக்கைக்காரரும்

வியாபாரிக்கு வாடிக்கைக்காரர் வேண்டும் என்பதை யாரும் மறுக்கார். ஆனால் அவ்வாடிக்கைக்காரர் ஒன்றுகூடித் தம்முள்ளும் வியாபாரியோடும் கலந்து பேச ஒரு சங்கம் அவசியமா என்பதே கேள்வி. எல்லா வியாபாரத்திற்கும் அவசியம் என்று சொல்ல நாம் துணியோம். கொல்லிமலைச் சிறுதானியத்திற்கு அவசியம் என்று ஐயமின்றிக் கூறுவோம்.

மலைக் குடியானவர் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு விதைத்து உண்டு வந்தனர். பிறகு மரவள்ளி பரவிற்று. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கின. கையில் ரொக்கம் கிடைத்தது. ஆலைக்குப் போகும் கிழங்கு எந்த மலையில் விளைந்ததென்று உண்பவர் கேட்பதில்லை. சாமையின் சங்கதி வேறு. அதன் உமியை நீக்குவதே ஸ்திரீகளுக்குப் பெரும்பாடாயிருந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே உழைத்து, உமி நீக்கும் இயந்திரங்கள் கிராமங்களுக்கு வர உதவியது. மகளிர் குழுக்கள் அரிசியும் மாவும் தயாரித்துக் கீழ்நாட்டிற்கு அனுப்பலாயின.

பண்டம் வந்துவிட்டது, பழக்கம் வந்ததா? எவ்வளவு நீர் விட்டுச் சமைப்பதென்று அறியாத பட்டணத்து இல்லாள், முதல் நாள் சோறு குழைந்தால் மறுமுறை வாங்குவாளா? அரிசியில் கல் என்றும், மாவு கசந்தது என்றும் சொல்லும் குறை கடைக்காரனோடு நின்றுவிட்டால், எழுபது கொண்டையூசி வளைவுகளுக்கு மேலே உள்ள உழவன் அறிவதெப்படி?

1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் எளிய தொழிலாளர் கூடிக் கடை வைத்தனர். 1904-ல் நமது திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை பிறந்தது. இரண்டிலும் வாங்குபவரே கடைக்குச் சொந்தக்காரர். ஆகவே குறை கூறும் வாயும் அதைத் திருத்தும் கையும் ஓரிடத்தில் இருந்தன. அந்த நெருக்கமே மலைச் சாமைக்கும் வேண்டும்.

சங்கம் என்பது விளம்பரத்திற்கு மறுபெயர் என்பர் சிலர். வியாபாரி பேசிக்கொண்டே இருந்து கேளாதிருந்தால் அது மெய்தான். எடை குறைந்த பொட்டலத்தை எந்தச் சங்கமும் நிறைக்காது என்பதும் மெய். நாணயம் முதலில்; சங்கம் பிறகு.

ஆண்டுதோறும் ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்காகத் திரளான ஜனங்கள் மலையேறுகின்றனர். அப்போது ஒரு முற்பகல் விளைவிப்பவரும் உண்பவரும் எதிரெதிரே அமர்ந்து பேசட்டும்; அங்கேயே சமைத்துப் பரிமாறட்டும். செலவு அற்பம், பயனோ பெரிது. கீழே உண்பாரில்லாத தானியத்தை மேலே விதைப்பாரில்லை. விதைப்பு நின்றால் விதையும் அழியும். அழிந்த விதையை எந்த விலைக்கும் வாங்க முடியாது. வாடிக்கைக்காரர் இதனை உணர்வாராக.