மடி ஏன் இருக்கை ஆகாது?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துபோகும் ‘குட்டி யானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டிகளின் கேபினில் குழந்தைக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் அம்மாவின் மடிதான். ‘இந்த நெரிசலில் நாற்பதைத் தாண்டுவதே அபூர்வம்’ என்பார்கள். மணிக்கு 40 கி.மீ. என்பது நொடிக்கு 11 மீட்டர். முன்னே நிற்கும் லாரியில் மோதி 0.1 நொடியில் வண்டி நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 110 கிலோவைத் தாங்கும் பிடி வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அது முடியாது.

குழந்தை இருக்கை அந்த விசையை பெல்ட் வழியாக வண்டியின் சட்டத்துக்குக் கடத்துகிறது. தளர்வாகக் கட்டினால் வண்டி நின்ற பிறகும் இருக்கை பாய்ந்து, ஒரே வெட்டில் நிற்கும். அதுதான் கழுத்தைக் கெடுப்பது. பெல்ட் நுழையும் இடத்தருகே பிடித்து ஆட்டினால் 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. பிக்கப்பில் பின்சீட் இருந்தால் அங்கேதான் வைக்க வேண்டும். ஒற்றை கேபினில் ஏர்பேக் இயங்கும் இடத்தில் பின்நோக்கிய இருக்கை கூடவே கூடாது. விரியும் பை அதன் முதுகில், குழந்தையின் தலைக்கு நேராக அறையும். செலவு ஒரு நியாயமான தடைதான், ஆனால் 14 வயதுக்குட்பட்டவரை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி அமர்த்தினால் 2019 திருத்தச் சட்டப்படி அபராதமே 1,000 ரூபாய். இருக்கையைக் கட்ட வழியில்லாத வண்டி என்றால், குழந்தையோடு பஸ் ஏறுங்கள்.