மோட்டார் வண்டியும் வெப்பமும்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் ஒரே தன்மையானவை. ரேடியேற்றரில் தண்ணீரை எப்பொழுது பார்ப்பது? எண்ணெயை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது? ரயருக்கு எவ்வளவு காற்று அடைப்பது? மலைப்பாதையில் இறங்கும்போது பிறேக் வலுவிழப்பது ஏன்? பற்றறி சில ஆண்டுகளிலேயே உயிரிழப்பது ஏன்? இவை வெவ்வேறு வினாக்கள் போலத் தோன்றினும், இவற்றின் அடியில் இருப்பது ஒரே பொருள். அப்பொருள் வெப்பம். அது வண்டியில் எங்கே பிறக்கின்றது, எவ்வழியாக வெளியேறுகின்றது, அவ்வழி அடைபட்டால் என்ன நேரும் என்பவற்றை அறிந்தவருக்கு வண்டிப் பராமரிப்பின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

இவ்வறிவு நம் நாட்டவர்க்குப் பெரிதும் வேண்டப்படுவது. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் மோட்டார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளிலும், வைத்திருந்த வண்டியையே பேணி ஓட்டும் நிலை மக்களுக்கு ஏற்பட்டது. அவ்வாறு முதிர்ந்த வண்டிகள் பல நம் வீதிகளில் ஓடுகின்றன. முதிர்ந்த வண்டி ஆபத்தானது அன்று. கவனியாது விடப்பட்ட வண்டியே ஆபத்தானது.

இயந்திரத்தினுள் பெற்றோல் எரியும்போது உண்டாகும் ஆற்றல் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ அதனிலும் குறைவோதான் ஓட்டமாக மாறுகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி வெப்பமாகி, ஒரு பாதி புகைக்குழாய் வழியாகவும் மற்றொரு பாதி இயந்திரத்தைச் சூழ்ந்தோடும் நீர் வழியாகவும் வெளியேறுகின்றது. ஆகவே, தன்னை ஓட்டும் ஆற்றலிலும் மிகுதியான வெப்பத்தை ஓயாது வெளியே தள்ளவேண்டிய பொறி மோட்டார் வண்டி எனலாம்.

இவ்வுண்மையை முதன்முதலிற் பட்டறிந்தவர்களுள் ஒருவர் பேர்த்தா பென்ஸ் அம்மையார். 1886இல் தம் கணவர் கார்ல் பென்ஸ் உரிமைப்பத்திரம் பெற்ற மூன்று சக்கர வண்டியில், 1888 ஓகஸ்ற்றில் தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்சைம் வரை ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தூரம் அவர் பயணஞ் செய்தார். அவ்வண்டியைக் குளிரச்செய்த நீர் ஆவியாகிக்கொண்டே இருந்ததால், வழிநெடுகிலும் நீர் தேடி நிரப்பவேண்டியதாயிற்று. இறக்கங்களில் பிறேக் கட்டைகள் தேய்ந்துபோக, செருப்புத் தைப்பவர் ஒருவரைக்கொண்டு அவற்றின்மேல் தோல் பொருத்துவித்தார். குளிர்ச்சி, பிறேக் ஆகிய அவ்விரு கவலைகளும் இன்றும் நம்மை விட்டபாடில்லை.

முதலில் குளிர்நீரைக் கவனிப்போம். நன்னிலையிலுள்ள இயந்திரத்தில் இந்நீர் ஏறக்குறைய 90 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஓடும். கொதிநிலைக்கு இவ்வளவு அருகில் இருந்தும் அது கொதியாதிருப்பதற்குக் காரணம் ரேடியேற்றரின் மூடியே. அம்மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்குகின்றது. வெளிக்காற்றைப்போல் இருமடங்கு அழுத்தத்தில் நீர் 120 பாகை வரையிற் கொதிப்பதில்லை. மூடியின் இறப்பர் வெடித்துப்போனால் இந்தப் பாதுகாப்பு நீங்கிவிடும். கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேல் உயர்ந்த நுவரெலியாவில் திறந்த நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். சமவெளியிற் குறையின்றி ஓடிய வண்டி மலையேறும்போது கொதிக்கத் தொடங்கினால், விலையுயர்ந்த பாகங்களைக் கழற்றுமுன் அம்மூடியைப் பரிசோதிப்பது நன்று.

அதே காரணத்தால், சூடான இயந்திரத்தின் ரேடியேற்றர் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது. திறந்த கணமே அழுத்தம் நீங்க, உள்ளிருக்கும் நீர் ஆவியாகிச் சீறி எழும். முகமும் கைகளும் வெந்துபோனவர் பலர். வெப்பமானியின் முள் உயரக் கண்டால், முதலிற் குளிரூட்டியை நிறுத்துக. வண்டியில் வெப்பமூட்டி இருப்பின் அதனை முழுவதும் திறந்துவிடுக. அதுவும் இயந்திரத்தின் வெப்பத்தில் ஒரு பங்கை வெளியேற்றும். பின்னர் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இயந்திரத்தை அணைத்து, அரைமணி நேரத்துக்குக் குறையாமற் காத்திருத்தல் வேண்டும். ‘இன்னும் இரண்டு கிலோமீற்றர்தானே’ என்று ஓட்டினால், இயந்திரத்தின் தலைப்பகுதி வளைந்து, அதன் அடைப்புத்தகடு எரிந்துபோதல் கூடும்.

குளிர்நீரின் தரமும் முக்கியமானது. பனி உறையாத நம் நாட்டில் குளிர்திரவம் எதற்கு என்று கேட்போர் உளர். உறைதலைத் தடுப்பது அதன் ஒரு பணியே; துருப்பிடித்தலைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் ஏனைய பணிகள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல்லாலானது. அங்குள்ள கிணற்று நீர் வன்னீர். கேத்தலின் அடியிற் படியும் வெண்படிவைக் கண்டவர்கள், அதுவே ரேடியேற்றரின் நுண்குழாய்களிலும் படியும் என்பதை எளிதில் உணர்வர். ஆகையால், கலந்து விற்கப்படும் குளிர்திரவத்தையோ, காய்ச்சி வடித்த நீருடன் உரிய அளவிற் கலந்த திரவத்தையோ ஊற்றுவதே தக்கது.

இனி எண்ணெய். உராய்வைத் தணிப்பதோடு, நீர் சென்றடையாத இடங்களிலிருந்து வெப்பத்தைச் சுமந்து வருவதும் எண்ணெயின் தொழிலாகும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துச் சில நிமிடங்கள் கழிந்தபின், அளவுகோலைத் துடைத்து மீண்டும் இட்டு எடுத்துப் பார்க்கவேண்டும். எண்ணெய் இரு குறிகளுக்கும் இடையில் நிற்றல் வேண்டும். மேற்குறியைத் தாண்டுவதும் தீங்கே. சுழல்தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். எண்ணெய் கறுத்திருப்பது மட்டும் அது கெட்டதற்கு அடையாளமன்று. அது பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கக்கூடும். அவ்வண்டியை ஓட்டாது திருத்துநரை அழைத்தல் வேண்டும். ஓடும்போது எண்ணெயின் சிவப்பு விளக்கு எரிந்தால், அது அழுத்தம் வீழ்ந்ததற்கான அறிவிப்பு. வீதியோரத்தில் நிறுத்தி, அக்கணமே இயந்திரத்தை அணைத்தல் வேண்டும்.

எண்ணெயின் அருமையை யாழ்ப்பாணத்தார் 1990களில் நன்கு உணர்ந்தனர். போர்க்காலத் தடையினாற் பெற்றோல் கிடைத்தற்கரிதாயிருந்த அந்நாளில், பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டினர். சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அப்பழைய இயந்திரங்கள் குறைந்த அழுத்தத்தில் எரிப்பவை. ஆதலால் அது இயன்றது. எனினும் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யுமாதலால், எண்ணெயை அடிக்கடி மாற்றியவர்களின் வண்டியே நெடுநாள் நிலைத்தது. இக்கால இயந்திரத்தில் அதனைச் செய்து பார்க்கலாகாது.

இவை எல்லாவற்றிலும் உயிரோடு தொடர்புடையது பிறேக். பிறேக் ஓட்டத்தை அழிப்பதில்லை. அதனை வெப்பமாக மாற்றுகின்றது. 1,000 கிலோகிராம் நிறையுள்ள வண்டியொன்று நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளையை நோக்கி இறங்குகின்றது என்று கொள்வோம். ஒவ்வோர் 1,000 மீற்றர் உயரம் இறங்கும்போதும் அது விடும் ஆற்றல், ஏறக்குறைய 30 லீற்றர் நீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இதில் ஒரு பங்கைக் காற்றின் எதிர்ப்பு ஏற்கும். எஞ்சியதை இயந்திரம் ஏற்காவிடில், கையகலத் தகடுகள் சிலவே ஏற்கவேண்டும்.

இவ்வாறு காய்ந்த தகடுகளின் பிடிமானம் முதலிற் குறையும். பின்னர் பிறேக் திரவம் கொதிக்கும். பெரும்பாலான வண்டிகளில் ஊற்றப்படும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 என்னும் வகை, புதிதாய் இருக்கையில் 205 பாகை வரை கொதியாது. ஈரம் ஏறியபின் கொதிநிலை 140 பாகையளவுக்கு வீழ்ந்துவிடலாம். கொதித்த திரவத்திற் குமிழிகள் தோன்றும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். ஆகவே மிதியை அழுத்தினாற் குமிழிகள் சுருங்குமேயன்றிச் சக்கரம் நிற்காது. மிதி தரையைத் தொடும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்குப் பரிகாரம் இரண்டு. முதலாவது, பிறேக் திரவத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் மாற்றுவது. அளவு குறையாதிருப்பதைக் கண்டு அது நன்றாயிருக்கின்றது என்று எண்ணிவிடலாகாது. இரண்டாவது, எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்குவது. தானியங்கிக் கியருள்ள வண்டிகளிலும் கலப்பின வண்டிகளிலும் இறக்கத்துக்கென அமைந்த தாழ்நிலையைப் பயன்படுத்தல் வேண்டும். எரிபொருளை மிச்சம் பிடிப்பதாக எண்ணிக் கியரை விடுவித்து இறங்குவது உயிரைப் பணயம் வைப்பதாகும். மிதி மென்மையாகிவிட்டால், அதனை விரைந்து பலமுறை மிதித்து, கியரைப் படிப்படியாகத் தாழ்த்தி, கைப்பிறேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து நிறுத்தல் வேண்டும்.

ரயரின் பகையும் வெப்பமே. காற்றுக் குறைந்த ரயர் ஒவ்வொரு சுழற்சியிலும் நசுங்கி விரிகின்றது. கம்பியொன்றைப் பலமுறை வளைத்தால் அது சூடாவதைப்போல் ரயரும் உள்ளே சூடேறி, நெடுஞ்சாலை வேகத்தில் வெடித்துவிடும். உரிய அழுத்தம் பெரும்பாலும் சாரதியின் கதவருகே உள்ள சீட்டிற் குறிக்கப்பட்டிருக்கும். ரயரின் பக்கத்திற் பொறித்திருப்பது அது தாங்கக்கூடிய மேலெல்லையே. ரயர் குளிர்ந்திருக்கும் காலையில் காற்றை அளத்தல் நன்று. ஓடிச் சூடேறிய ரயரில் அழுத்தம் மிகக் காட்டுவது இயல்பு, அதற்காகக் காற்றைத் திறந்துவிடலாகாது. ரயரின் வயதையும் பார்க்க. அதன் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களுள் முன்னிரண்டும் வாரத்தையும் பின்னிரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்பது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பத்தாண்டு கடந்த ரயரை, தேயாதிருப்பினும் நம்புதல் தகாது.

பற்றறியையும் வெப்பம் விரைவில் முதுமையடையச் செய்கின்றது. மூடி திறக்கக்கூடிய பற்றறியாயின், காய்ச்சி வடித்த நீரையே ஊற்றல் வேண்டும். கலப்பின வண்டிகள் சிலவற்றில், பெரிய பற்றறிக்குக் காற்றுச் செல்லும் துளை பின்னிருக்கையின் அருகே அமைந்திருக்கும். அதனைப் பைகளாலும் துணிகளாலும் மறைப்பதும், தூசு படியவிடுவதும் அப்பற்றறியின் ஆயுளைக் குறைக்கும். செம்மஞ்சள் நிற மின்வடங்களை மட்டும் பயிற்சி பெற்றவரன்றி வேறெவரும் தொடலாகாது.

ஓடாது நிற்பதும் வண்டிக்கு ஆகாது. 2022இல் எரிபொருள் கிடையாமல் வண்டிகள் வாரக்கணக்கில் நின்றபோது, பற்றறிகள் பல மின்னிழந்து பழுதாயின. நிற்கும் வண்டியின் இயந்திரத்தை ஐந்து நிமிடம் இயக்கி அணைப்பதாற் பயன் குறைவு. வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் வீதியில் ஓட்டினால், எண்ணெய் சூடேறி அதிலுள்ள ஈரம் நீங்கும், பற்றறி மின்னேறும், பிறேக் தட்டின் துருவும் தேயும்.

சுருங்கக் கூறின், வாரத்தில் ஒரு நாள் காலை, இயந்திரத்தை இயக்குமுன், கால்மணி நேரம் ஒதுக்குக. குளிர்திரவம், எண்ணெய், பிறேக் திரவம் ஆகியவற்றின் அளவைப் பார்க்க. நான்கு ரயர்களோடு உபரி ரயரிலும் காற்றை அளக்க. வண்டி நின்ற நிலத்தில் ஏதேனும் சொட்டியுள்ளதா என்று நோக்குக. இதற்குப் பொருட்செலவு இல்லை. மலையிறக்கத்தில் மிதிக்குப் பணியும் பிறேக், அதில் ஏறிய அத்தனை பேரையும் வீடு கொண்டுவந்து சேர்க்கும்.