கண்ணுக்குக் கீரை சரி, கண்ணுக்குள் சாறு?

சீனாவில் கண் சோர்ந்தால் சாமந்திப்பூ தேநீர் குடிப்பார்கள். நமக்குப் பொன்னாங்கண்ணி. புழலில் தள்ளுவண்டிக் கீரைக்காரம்மா, "கண்ணுக்கு நல்லது, எடுத்துக்கோம்மா" என்று கூடவே ஒரு கட்டைத் தள்ளிவிடுவார். பொய்யில்லை. அதிலுள்ள பீட்டா கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்கிறது. மாலைக்கண்ணைத் தடுப்பது அந்த வைட்டமின்தான். கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கினால் இன்னும் நன்றாக உடம்பில் சேரும்.

சித்த நூல்கள் கண்ணோய்களை 96 என்று வகுக்கின்றன. நந்தியாவட்டைப் பூவும் அந்த வைத்தியத்தில் உண்டு. அதற்காக, வெல்டிங் பொறி பட்ட கண்ணில் இலைச்சாறோ தாய்ப்பாலோ விட்டுவிடாதீர்கள்! கிருமி தொற்றிக் கருவிழி புண்ணாகலாம். கசக்காமல், சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு, நேரே எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். 1819-இல் தொடங்கிய மருத்துவமனை அது.