அந்த லட்டு யாருக்கு?

சாயங்காலம் நாலரை மணி. நண்பரின் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். டீ வந்தது. கூடவே அவர் டிபன் பாக்ஸையும் திறந்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் பத்துப் பன்னிரண்டு உருண்டைகள். நெய் வாசனை மூக்கைத் துளைத்தது.

"எடுத்துக்குங்க சார். ஒய்ஃப் பிடிச்சது. சத்துமாவு உருண்டை."

ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். கேஷியர் மட்டும் இரண்டு. (எண்ணுவதில் தப்பே வராதவர் என்று அவருக்குப் பெயர்!)

"பிரமாதம்! மாவு எந்தக் கடையில வாங்கினீங்க?"

"கடையாவது! ஊர்ல தங்கச்சி குடுத்து விட்டா. அங்கன்வாடியில சும்மா தர்றாங்க. அவ குழந்தை சாப்பிட மாட்டேங்குதாம்."

"குழந்தைக்கு என்ன வயசு?"

"பத்து மாசம்."

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் வரவு எங்கே, செலவு எங்கே என்று மனசு பேரேட்டைப் புரட்டும். சர்க்கார் கணக்கில் அந்த மாவு பத்து மாசக் குழந்தையின் பெயரில் பற்று எழுதியாகிவிட்டது. சரக்கு போய்ச் சேர்ந்ததோ கேஷியரின் வயிற்றில். இதில் யாரும் திருடவில்லை, லஞ்சம் வாங்கவில்லை, பாக்கெட்டைக் கள்ள மார்க்கெட்டில் விற்கவில்லை. எல்லோருமே நல்லவர்கள். ஆனாலும் கணக்கு உதைக்கிறது!

கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பார்ப்போம். ஆறு மாசம் முதல் மூணு வயசு வரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் தர வேண்டும் என்று 2013-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்தக் குட்டி வயிற்றுக்கு ஒரு நாளைக்கு மொத்தத் தேவையே ஆயிரம் கலோரி வாக்கில்தான். ஆக, பாதி வயிற்றை சர்க்கார் நிரப்பிவிடுகிறது. கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலைப் பருப்பு, வெல்லம், விட்டமின் எல்லாம் சேர்ந்த மாவு. அதே 500 கலோரியை வீட்டில் ஐந்து பேர் பங்கு போட்டால்? ஆளுக்கு நூறு. உங்களுக்கும் எனக்கும் அது சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. நமக்கு ஒரு டீ, குழந்தைக்கு அரை நாள் சாப்பாடு.

நீங்கள் ஃபிக்ஸட் டெபாசிட் போடுகிறவரா? எந்த பாங்க்காவது ஒரே வருஷத்தில் பணத்தை மூணு மடங்காக்கித் தருமா? (தருகிறேன் என்று யாராவது சொன்னால் போலீஸுக்குப் போன் செய்யுங்கள்.) குழந்தை செய்துகாட்டுகிறது. பிறக்கும்போது மூணு கிலோ, அஞ்சு மாசத்தில் ஆறு, முதல் பிறந்த நாளில் ஒன்பது, ரெண்டு வயசில் பன்னிரண்டு. அதற்குப் பிறகு வேகம் குறைந்துவிடும். மூளை வளர்ச்சியின் பெரும்பகுதியும் இந்த இரண்டு வருஷத்துக்குள்தான். இந்தச் சமயத்தில் போட வேண்டிய டெபாசிட்டைப் போடாமல் விட்டுவிட்டு, ஸ்கூலில் சேர்த்த பிறகு ஹார்லிக்ஸாகக் கரைத்து ஊற்றினால் எடை ஏறலாம். விட்டுப்போன உயரம் பெரும்பாலும் விட்டுப்போனதுதான்.

நாம் கைதட்டுவதெல்லாம் சத்துணவுக்கு. தட்ட வேண்டியதுதான், தப்பில்லை. 1956-ல் காமராஜர் மதிய உணவு கொண்டு வந்தார். 1982 ஜூலை 1-ம் தேதி எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 1989-ல் கலைஞர் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தார். 2022 செப்டம்பரில் ஸ்டாலின் காலை உணவு ஆரம்பித்தார். ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிகிற காரியம். தட்டு இருக்கிறது, வரிசை இருக்கிறது, போட்டோ எடுக்கலாம். பத்து மாசக் குழந்தை வரிசையில் நிற்காது. தட்டும் கிடையாது, ஓட்டும் கிடையாது!

ஆனால் அந்தக் குழந்தைக்காகவே தமிழ்நாட்டில் ஒரு திட்டம் இருந்தது. உலகமெங்கும் ஊட்டச்சத்து நிபுணர்கள் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நமக்குத்தான் ஞாபகம் இல்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். உலக வங்கிக் கடனில் 1980-ல் ஆரம்பம். மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதல் வெள்ளோட்டம்.

அதற்கு முன்னால் எழுபதுகளில் ஓர் ஆய்வு நடத்தியிருந்தார்கள். சர்க்கார் ஏற்கெனவே பல இடங்களில் குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வந்து சாப்பிட்டதெல்லாம் நடக்கத் தெரிந்த, மூணு வயசு தாண்டிய குழந்தைகள். நடக்கத் தெரியாதவன் வீட்டுத் தூளியில். பொட்டலம் கட்டிக் கொடுத்தாலோ வீட்டில் பங்கு. இன்னொரு தமாஷும் உண்டு. "அங்கே சாப்பிட்டாச்சில்ல?" என்று வீட்டில் ஒரு வேளையைக் குறைத்துவிடுவார்கள். வரவும் செலவும் சரியாகப் போய் மிச்சம் ஸைபர்.

இதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? முதலில் ஒரு தராசு. ஆறு மாசம் முதல் மூணு வயசு வரையுள்ள குழந்தைகளை மாசா மாசம் எடை போட்டு, அட்டையில் கோடு இழுத்தார்கள். கோடு மேலே போகிறதா, சபாஷ், அம்மாவுக்கு நாலு வார்த்தை புத்திமதி, அவ்வளவுதான். ஒழுங்காக ஏறவில்லையா, அந்தக் குழந்தைக்கு மட்டும் தினம் சத்து லட்டு. தொண்ணூறு நாள். அதற்குள் அரைக் கிலோ ஏறிவிட்டால் லட்டு ஸ்டாப்!

லட்டை வீட்டுக்குத் தர மாட்டார்கள். மையத்துக்கு வந்து, கண் முன்னால் சாப்பிட வேண்டும். அளவும் சின்னது. வயிறு நிறையச் சாப்பாடு போட்டால்தானே வீட்டில் ஒரு வேளையைக் குறைப்பார்கள்? லட்டு தின்ற குழந்தைக்கு வீட்டுக் கஞ்சி உண்டு. மருந்து மாதிரி என்று சொல்லிச் சொல்லியே கொடுத்தார்கள். அண்ணனுக்கு வந்த இருமல் மருந்தைத் தம்பிக்கு யாராவது பங்கு போடுவார்களா?

வேலைக்கு ஆள் எடுத்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதே ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். ஏழையாக இருந்தும் தன் குழந்தையைக் கொழுகொழுவென்று வளர்த்திருந்தால் அவருக்கு முன்னுரிமை! எந்த இன்டர்வியூவிலாவது இப்படி ஒரு தகுதியைப் பார்த்திருக்கிறீர்களா? "காசு இருந்தாத்தான் வளர்க்க முடியும்" என்று எந்தத் தாயும் அவரிடம் சாக்குச் சொல்ல முடியாது.

ரொம்பவும் இளைத்துப்போன குழந்தைகளின் எண்ணிக்கை நன்றாகவே குறைந்தது. இரண்டாம் கட்டம் 1997-ல் முடிந்தது. அதற்குப் பிறகு எல்லாம் 1975-ல் ஆரம்பித்த மத்திய சர்க்காரின் அங்கன்வாடித் திட்டத்தோடு கலந்துவிட்டது. "என் குழந்தை எடை ஏறினது குத்தமா, அதுக்கு ஏன் லட்டு இல்லை?" என்று ஒரு தாய் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். 2001 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் ஆறு வயசுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைக்கும், எல்லாக் கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும் தர வேண்டும் என்று உத்தரவு போட்டது. நியாயமான உத்தரவு. கூலி வேலைக்குப் போகிறவள் கைக்குழந்தையைத் தினமும் மையத்துக்குத் தூக்கி வர முடியாது. அதனால் பாக்கெட் வீட்டுக்கு வருகிறது. இதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கண் முன்னால் ஊட்டிய காவல் போயிற்று. இப்போது காவல் யார் என்றால்... வீட்டில் இருக்கிற நீங்கள்தான் ஸார்!

அம்மாவுக்கு வருகிற பாக்கெட் கதை இன்னும் மோசம். குழந்தையாவது அழும். கர்ப்பிணிக்கும், பிரசவமாகி ஆறு மாசம் வரை தாய்க்கும் ஒரு நாளைக்கு 600 கலோரி என்று அதே சட்டம் சொல்கிறது. நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? பாத்திரத்தில் மிச்சம் இருந்தால் சாப்பிடுவது யார்? இதில் "ரொம்பச் சாப்பிடாதே, புள்ளை பெருத்துட்டா சுகப்பிரசவம் ஆகாது" என்று மாமியார் மருத்துவம் வேறு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்த சோகை. ஐந்து வயசுக்கு உட்பட்ட குழந்தைகளில் நாலுக்கு ஒன்று வயசுக்கேற்ற உயரம் இல்லை. இத்தனைக்கும் இந்த விஷயத்தில் நாம் இந்தியாவில் முன்வரிசை மாநிலம்!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987-ல் ஆரம்பித்த மகப்பேறு உதவியும் ஏழைத் தாய்க்காகத்தான். முதல் இரண்டு பிரசவத்துக்கு உண்டு. 2018 முதல் 18 ஆயிரம் ரூபாய். அதில் நாலாயிரத்துக்குப் பெட்டகமாகவே தருகிறார்கள். பேரீச்சம்பழம், நெய், சத்து மாவு, இரும்புச் சத்து டானிக் என்று. பணமாகக் கொடுத்தால் அது யார் பைக்குப் போகும் என்று யாரோ அனுபவஸ்தர் யோசித்திருக்கிறார். உங்கள் ஆபீஸ் அட்டெண்டர், வாட்ச்மேன் வீட்டில் விசேஷம் என்றால் சொல்லி வையுங்கள். 12 வாரத்துக்குள் கிராம சுகாதார நர்ஸிடம் பதிந்துவிட வேண்டும். 2022-ல் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' என்று மறுபடி குழந்தைகளை எடை போட ஆரம்பித்தார்கள். ஆறு மாசத்துக்கு உட்பட்ட குழந்தை மிகவும் மெலிந்திருந்தால் பெட்டகம் அம்மாவுக்கு! அந்த வயசில் அம்மாதானே குழந்தையின் சாப்பாடு?

போன மாசம் மதுரைப் பக்கம் ஓர் அங்கன்வாடிக்குப் போயிருந்தேன். சுவரில் கிளி, மாம்பழம், ஒன்று முதல் பத்து. டீச்சர் இருபது வருஷ சர்வீஸ். "மாவு யாரெல்லாம் சாப்பிடறாங்க?" என்று கேட்டேன்.

"யாரு சாப்பிடலைன்னு கேளுங்க சார். மாடு சாப்பிடுது. கோழி சாப்பிடுது. பாப்பாவுக்கு மட்டும் மாந்தம் வந்துரும்பாங்க. அதே பாப்பாவுக்கு டீயில பொறை முக்கிக் குடுப்பாங்க, அது மட்டும் செரிக்குமாம்! எடை போட்டா கண்ணு படும்னு தூக்கிட்டு ஓடற பாட்டியும் இருக்காங்க."

அன்றைக்கு எடை போடுகிற நாள். வரிசையில் எல்லாம் அம்மாக்கள். கடைசியில் ஒரே ஓர் இளைஞர், பேன்ட் சட்டையில், தோளில் ஒன்பது மாசப் பெண் குழந்தை. ஒரு கம்பெனியில் பில் போடுகிறாராம். மனைவிக்குக் காய்ச்சல் என்று அரை நாள் லீவ் போட்டு வந்திருந்தார். தராசு ஏழு கிலோ முந்நூறு காட்டியது. போன மாசமும் அதேதான்.

"காலையில என்ன குடுத்தீங்க தம்பி?"

"மாவுக் கஞ்சி டீச்சர். தண்ணியாக் கரைச்சு, ஃபீடிங் பாட்டில்ல."

"பாட்டிலைத் தூக்கிப் போடுங்க முதல்ல. கஞ்சின்னா தண்ணி இல்லை. களி மாதிரி கிண்டி, ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ ஊத்துங்க. ஸ்பூனைச் சாய்ச்சா வழியக் கூடாது. ரெண்டு ரெண்டு வாயா, ஒரு நாளைக்கு மூணு தடவை. வீட்டுல வேற யாரு சாப்பிடறா இதை?"

அவர் கொஞ்சம் நெளிந்தார். "எங்கப்பாவுக்கு ஷுகர், வெல்லம்னு தொட மாட்டார். அம்மா எப்பவாவது. நான்தான் ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து, பால்ல ரெண்டு ஸ்பூன்..."

டீச்சர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே கேட்டார்.

"உங்க எடை எவ்வளவு தம்பி?"