கந்தையும் காந்தாவும்

"இந்தப் போர்வை நல்ல சூடு" என்று சொல்லுகிறோம். போர்வைக்குச் சூடு ஏது? யாரும் படுக்காத கட்டிலில் இரவு முழுவதும் கிடந்த போர்வையின் மடிப்புக்குள் ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். அறையில் எவ்வளவோ அவ்வளவே காட்டும். சூடு நம்முடையது. உண்ட சோற்றை உடல் வெப்பமாக்குகிறது. அந்த வெப்பம் வெளியே ஓடிவிடாமல் தடுத்து வைப்பதே போர்வையின் வேலை. அந்த வேலையிலும் பெரும்பங்கைச் செய்வது துணியின் இழைகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட காற்றுதான்.

விஞ்ஞான மாணவர்கள் இதை எண்களில் அறிவார்கள். வெப்பத்தைக் கடத்தும் திறன், வழக்கமான அலகில், செம்புக்கு ஏறத்தாழ 400, நீருக்கு 0.6, அசையாத காற்றுக்கு 0.026. நீரைக் காட்டிலும் காற்று இருபத்துமூன்று மடங்கு மந்தமானது. ஆனால் 'அசையாத' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். காற்று அசைந்துவிட்டால் தானே வெப்பத்தைச் சுமந்துகொண்டு போய்விடும். ஆகவே காற்றைச் சின்னஞ்சிறு அறைகளில் அடைத்து வைக்க வேண்டும். கனமான துணி ஒன்றைவிட மெல்லிய துணிகள் நான்கை அடுக்கிப் போர்த்தினால் குளிர் குறைவதற்குக் காரணம் இதுவே: அடுக்குக்கு அடுக்கு நடுவில் காற்று சிறைப்படுகிறது.

நாம் படிக்க வந்திருக்கும் இந்த வங்காளத்தில், பெளதிகப் பாடம் எதுவும் படிக்காத கிராமத்துப் பெண்கள் இந்த உண்மையை நெடுங்காலமாகக் கையில் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் காந்தா. கிழிந்த புடவை, நைந்த வேட்டி இவற்றை மூன்று அடுக்காகவோ ஐந்து அடுக்காகவோ தரையில் விரித்து, ஓரம் முதல் ஓரம் வரை நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுவிடுவார்கள். பஞ்சு அடைப்பதில்லை. புதுத் துணி வாங்குவதில்லை. முற்காலத்தில் நூல்கூட வாங்கவில்லை. பழம்புடவையின் கரையிலிருந்தே வண்ண இழைகளை உருவி எடுத்துக்கொண்டார்கள். பழைய காந்தாக்களில் வெள்ளைத் துணியின்மேல் சிவப்பும் நீலமும் கறுப்புமே மிகுந்து காணப்படுவது இதனால்தான். புடவைக் கரைக்கு என்ன நிறமோ, அதுவே பூவுக்கும் யானைக்கும் நிறம்!

காந்தா என்ற பெயர் தமிழர் காதுக்குப் புதிதன்று. வடமொழியில் 'கந்தா' என்றால் ஒட்டுப்போட்ட பழந்துணி. நம் 'கந்தை' அதன் உறவு. நம் ஊரில் கந்தை என்றால் இகழ்ச்சி. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழி ஒன்றுதான் அதற்குக் கொஞ்சம் மரியாதை தருகிறது. இங்கேயோ அதே சொல் ஒரு கலையின் பெயர். மேற்கு வங்கத்தின் நக்சி காந்தா 2008-இல் புவிசார் குறியீடு பெற்றது. காந்தாத் தையலுக்காகப் பிரீதிகணா கோஸ்வாமி 2023-இலும், தக்தீரா பேகம் 2024-இலும் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள்.

விருதும் குறியீடும் பின்னால் வந்தவை. காந்தா கடைக்காகப் பிறந்த பொருளே அன்று. ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. குளிருக்குப் போர்த்திக்கொள்ள 'லேப்'. விருந்தினர் வந்தால் படுக்கையில் விரிக்க 'சுஜனி'. புத்தகம் சுற்றிவைக்கப் 'பைத்தன்'. கண்ணாடியும் சீப்பும் வைத்துச் சுருட்ட 'ஆர்ஷிலதா'. பிறக்கப்போகும் குழந்தைக்கு, மணமாகிப் போகும் மகளுக்கு, வீட்டுக்கு வரும் மருமகனுக்கு என்று யாரையாவது மனத்தில் நிறுத்திக்கொண்டுதான் ஊசியில் நூல் கோத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்த காந்தா ஒன்று, நாட்டுப்புறக் கலைகளைத் தேடித் திரட்டிய குருசதய தத்தரின் (1882–1941) தொகுப்பில் இருக்கிறது. அது தந்தைக்கு என்ற செய்தியையும் தன் பெயரையும் அவள் நூலாலேயே எழுதியிருக்கிறாள். பேனா பிடிக்க எத்தனை பெண்களுக்கு வாய்த்த காலம் அது? ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட 'நக்சி காந்தார் மாட்' என்ற கதைக் கவிதையில், பிரிந்துபோன கணவனை நினைத்துத் தன் வாழ்க்கை முழுவதையும் காந்தாவில் தைக்கிறாள் கதைத்தலைவி. இறந்தபின் அதைத் தன் கல்லறைமேல் போர்த்தச் சொல்லுகிறாள். வங்க நண்பர் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்லுவார்.

நம்மிடம் இது இல்லையா என்றால், பாதி இருக்கிறது. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தாமல் தாத்தாவின் பழைய வேட்டியைத் தேடி எடுக்கிறோம். ஏணை கட்டப் பாட்டியின் நூல் புடவைதான் வேண்டும். பழந்துணியின் மென்மையை நம் வீட்டுப் பெண்களும் நன்றாக அறிவார்கள். ஆனால் குழந்தை தவழத் தொடங்கியதும் அந்தத் துணி அடுப்படிக்குப் போகிறது. மிஞ்சியது பாத்திரக்காரரிடம் போய் ஓர் எவர்சில்வர் கிண்ணமாகத் திரும்பி வருகிறது. தையல் என்ற அடுத்த படியை நாம் வைக்கவில்லை. இந்தக் கோடை விடுமுறையில் அதை வைத்துப் பார்க்கலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பழந்துணி ஏன் மென்மையாகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதுத் துணியில் தறிக்காக ஏற்றிய கஞ்சி இருக்கும். நூலும் முறுக்கோடு விறைப்பாக நிற்கும். நூறு முறை துவைத்தபின் கஞ்சி போய்விடுகிறது. இழைகளின் மேற்பரப்பு தேய்ந்து மெல்லிய மயிர் போலப் பிரிகிறது. துணி எளிதில் வளைகிறது. ஆனால் அதே தேய்மானந்தான் துணியின் வலுவையும் குறைக்கிறது. மென்மை வேண்டும், கிழியவும் கூடாது என்றால் என்ன செய்வது? நெருக்கமாகத் தைப்பதே வழி. வலுவிழந்த ஐந்து துணிகளைக் கால் அங்குலத்துக்கு ஒரு தையலாகப் பிணைத்துவிட்டால் இழுவிசை ஐந்துக்கும் பங்காகிறது. எங்கேயாவது ஒரு கிழிசல் தொடங்கினாலும் அடுத்த தையல் வரிசையில் முட்டி நின்றுவிடும். தையலுக்கும் தையலுக்கும் நடுவே துணி சிறிது உப்பி நிற்கிறது அல்லவா? காந்தாவின்மேல் கை வைத்தால் சிற்றலை போலத் தட்டுப்படுவது அதுதான். முதலில் சொன்ன காற்றறைகள் அவையே. நூலை இறுக்கி இழுக்கக் கூடாது என்று இங்குள்ள மூதாட்டிகள் சொல்லுவதன் பொருளும் விளங்கும். இறுக்கினால் அறை நசுங்கிப் போகும்.

இனி அளவு. நம் முழக் கணக்கு இதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது. புடவை 12 முழம். மூன்றாக வெட்டினால் துண்டுக்கு 4 முழம். எட்டு முழ வேட்டியை இரண்டாக வெட்டினால் அதுவும் 4 முழம். நான்கு முழம் என்றால் ஆறடி. விடுதிக் கட்டிலின் நீளம். ஆக ஒரு புடவையும் ஒரு வேட்டியும் சேர்ந்தால் ஐந்தடுக்குப் போர்வை ஒன்று. புடவையின் நல்ல துண்டுகள் இரண்டும் மேலும் கீழும். கிழிசல் மிகுந்த துண்டும் வேட்டித் துண்டுகளும் உள்ளே. அகலத்தில் கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இருக்கும், மிஞ்சுவதை வெட்டிவிடுங்கள். எல்லாம் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் ஊசிக்கு அடங்காமல் வழுக்கும், வியர்வையையும் உறிஞ்சாது.

துணிகளைத் துவைத்துக் கஞ்சி போக அலசி, வெயிலில் உலர்த்துங்கள். கூட்டிய தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வையுங்கள் (தடித்த இரசாயனப் பாடநூல்களும் இதற்கு உதவும்). நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கையால் நீவிச் சுருக்கம் எடுங்கள். பிறகு சாண் இடைவெளியில் நீளநீளமாகத் தொளதொளவென்று தைத்து அடுக்குகளை நிறுத்திக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் இவற்றைப் பிரித்துவிடலாம். இந்தப் படியைச் சோம்பலால் விட்டவர்களுக்கு ஒரு மூலையில் துணி மிஞ்சும், மறு மூலையில் குறையும். ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்தபின், நடுவிலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு போங்கள். ஐந்தடுக்கில் ஊசியைத் தள்ள விரல் நோகும்; நுனிக்கு ஓர் உலோகக் குல்லாய் மாட்டிக்கொள்ளுங்கள். நடுவில் தாமரை, மூலைகளில் மரம் என்று வங்காளத்து முறையில் கோலம் போட விரும்பினால் முதலில் பென்சிலால் வரைந்துகொள்ளலாம். முதல் போர்வைக்கு நேர்க்கோடே போதும் என்பது என் கருத்து.

எவ்வளவு நேரம் பிடிக்கும்? கணக்குப் போடுவோம். அகலம் 45 அங்குலம். அரை அங்குலத்துக்கு ஒரு வரிசை என்றால் 90 வரிசை. வரிசைக்கு 72 அங்குலம். மொத்தம் 6,480 அங்குலம், அதாவது 180 கெஜம். அங்குலத்துக்கு நான்கு தையல் வீதம் ஏறத்தாழ 26,000 தையல். நிமிடத்துக்கு 20 தையல் போட்டால் இருபத்தொன்றரை மணி நேரம் ஆகும். நாற்பது நாள் விடுமுறையில் நாளைக்கு அரைமணிக்குச் சற்று மேல். வரிசை இடைவெளியைக் கால் அங்குலமாக்கினால் எல்லாம் இரட்டிப்பு.

இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் வாருங்கள். ஒரு புடவை முழுவதும் பூவேலை செய்த காந்தாவை எடுத்து விரித்து, ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு விலைச் சீட்டைப் பாருங்கள். வணிகர், இடைத்தரகர், கடை வாடகை என எல்லோர் பங்கும் கழிந்தபின் தைத்தவள் கைக்கு மணிக்கு எவ்வளவு வந்திருக்கும்? 'விலை அதிகம், குறைத்துக் கொடுங்கள்' என்று பேரம் பேசும் நாக்கு கொஞ்சம் தயங்கத்தான் செய்யும். என் நாக்கு தயங்கிற்று.

நண்பர்களில் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. தெருவுக்குத் தெரு தையற்கடை வைத்திருப்பவர்களில் ஆண்கள் எத்தனை பேர்! காசுக்குத் தைத்தால் ஆண் வேலை, வீட்டுக்குத் தைத்தால் பெண் வேலை என்று யார் பிரித்தார்கள்? பொத்தான் தைக்கத் தெரிந்த கை ஓட்டுத்தையலுக்குப் போதும்.

சென்ற இரண்டு கோடைகளில் நான் மூன்று போர்வை தைத்தேன். ஒன்று அக்காவின் குழந்தைக்கு. ஒன்று, குளிர் நாட்டுக்கு ஆராய்ச்சிக்குப் போன அறைத்தோழிக்கு. மூன்றாவது அம்மாவுக்கு. பாட்டி காலமானபின் அவருடைய சுங்குடிப் புடவைகள் இரண்டு மதுரையில் எங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்தன. அம்மா உடுத்தவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார். மடித்த மடிப்பிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும் துணி அந்த மடிப்பில்தான் முதலில் இற்றுப்போகும். எடுத்துப் பிரித்தபோது நெடுகக் கோடு விழுந்திருந்தது. "வெட்டத்தான் வேண்டுமா?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கத்தரியை அவரே எடுத்து வந்தார். சுங்குடியில் ஒரு வசதி உண்டு: புள்ளிகள் வரிசையாக இருப்பதால் கோடு போட வேண்டியதில்லை. புள்ளிக்குப் புள்ளி ஊசியை நடத்தினால் போதும். மாலைகளில் அம்மா ஓர் ஓரத்திலிருந்தும் நான் மறு ஓரத்திலிருந்தும் தைத்துக்கொண்டு வந்தோம். எந்தப் புடவையை எந்த ஊர்த் திருவிழாவுக்கு எடுத்தது, எந்தக் கிழிசல் எந்த வேலியில் பட்டது என்று, நான் பிறப்பதற்கு முந்திய சங்கதிகளெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தன. போர்வை இப்போது அம்மாவின் கட்டிலில் கிடக்கிறது. மதுரையில் போர்த்திக்கொள்ளக் குளிர் ஏது? விரித்துத்தான் படுக்கிறார்.

முதன்முதல் முயல்பவர்கள் குழந்தைப் போர்வையில் தொடங்குவது நலம். இரண்டு முழ நீளம், ஒன்றரை முழ அகலம் போதும். தையல் எட்டாயிரத்துக்குச் சற்றுக் குறையும். ஆறரை மணி நேர வேலை. இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம். பச்சைக் குழந்தைக்கு இதைக் கீழே விரிக்கச் சொல்லுங்கள். முகத்தை மூடும்படி மேலே போர்த்த வேண்டாம். மழைக்காலத்தில் வெயில் கண்டபோதெல்லாம் உலர்த்த வேண்டும். ஈரம் ஏறினால் காற்றிருந்த இடத்தில் நீர் வந்துவிடும். அந்த இருபத்துமூன்று மடங்குக் கணக்கு அப்போது நமக்கு எதிராக வேலை செய்யும்.

இன்னொன்று முக்கியம். பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த துணியை அப்படியே எடுத்துக் குழந்தைக்குத் தைக்கக் கூடாது. அந்த உருண்டையில் நாப்தலீன் இருந்தால் அதன் ஆவி துணியில் தங்கும். ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கும். அந்தக் குறை எந்தக் குழந்தைக்கு இருக்கிறது என்பது பார்த்தால் தெரியாது. ஆகையால் அத்தகைய துணியைக் குழந்தையின் பக்கமே கொண்டுபோகாமல் பெரியவர்களுக்கான போர்வைக்கு ஒதுக்கிவிடுங்கள். தைத்து முடித்த காந்தாவை எடுத்துவைக்க உலர்ந்த வேப்பிலை போதும்.